நாலு நெட்டை, ரெண்டு குட்டை

என் வீட்டுக்காரர் என் வேலையைப் பற்றி யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் பொண்டாட்டிக்கு மாசாமாசம் சம்பளம் குடுத்து ஆண்மை நீக்கச் சொல்றாங்க. நான்தான் வீட்ல பயந்து பயந்து தூங்கறேன்" என்பார். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பத்தொன்பது வருடமாக இதே ஜோக். அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. கடுகு ஆராய்ச்சிப் பண்ணையின் பதிவேட்டில் என் வேலை என்று எழுதியிருப்பது அதுதான்: மொட்டில் ஆண்மை நீக்கம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடுகுப் பூவுக்குள் ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன. நடுவில் பச்சையாக நிற்பது பெண். அதைச் சுற்றி ஆண் காம்புகள் ஆறு. ஒவ்வொன்றின் தலையிலும் மகரந்தத் தூள் அடைத்த ஒரு குட்டிப் பை. ஆறில் நாலு நெட்டை, ரெண்டு குட்டை. நெட்டை நாலும் கண்ணுக்கு நேராக நிற்கும். குட்டை ரெண்டும் பக்கத்துக்கு ஒன்றாக அடியில் ஒண்டிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் பூ தன் தூளைத் தானே போட்டுக்கொண்டு காய்த்துவிடும், வெளிச் சம்பந்தமே வேண்டாம் என்று. இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்க்க வேண்டுமானால் அது ஆகாது. நாளைக்கு மலரப்போகிற மொட்டை இன்று சாயங்காலமே இடுக்கியால் பிரித்து, ஆறு காம்பையும் பிடுங்கி, பட்டர் பேப்பர் உறை போட்டு மூடிவிட வேண்டும். மறுநாள் காலையில் தந்தை ரகத்துப் பூவைப் பறித்து வந்து, உறையைத் திறந்து, தூளைத் தடவி, மறுபடி மூட வேண்டும்.

சாயங்கால வேலை என்னுடையது. காலை வேலை என் ஓரகத்தியுடையது. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். வீட்டில் சின்னவள் என்போம். பண்ணைக்கு வந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்துவிட்டது. ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே குழாய். ஓரகத்திகள் இப்படி வீட்டிலும் வேலையிலும் சேர்ந்தே இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வாய் மட்டும் ஓயாது. செடியோடு பேசுவாள், தேனீயோடு பேசுவாள், உறையை மூடும்போது உள்ளே இருக்கிற பூவிடம் "வரட்டா?" என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவளைப் பண்ணையில் சேர்த்துவிட்டதே நான்தான். கொழுந்தனுக்கு வேன் ஓட்டுகிற வேலை, ஒரு நாள் இருந்தால் மூன்று நாள் இருக்காது. தற்காலிகமாகத்தான் எடுத்தார்கள். மூன்று பருவம் முடித்துவிட்டாள். நாலாவது பருவத்தில் நிரந்தரம் செய்வதற்கான பட்டியல் மேலிடத்துக்குப் போகும், அதில் அவள் பெயரும் இருக்கும் என்று டாக்டர் அம்மாவே சொல்லியிருந்தார். சின்னவள் அந்தப் பட்டியலை நம்பித்தான் மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள்.

டாக்டர் அம்மாதான் எங்கள் பண்ணைக்குத் தலைவி. காய்ச்சல் டாக்டர் இல்லை, கடுகு டாக்டர். எட்டு வருடமாக ஒரே ஒரு காரியத்தின் பின்னால் அலைகிறார். எங்கள் தாய் ரகம் எண்ணெயை வாரிக் கொடுக்கும். ஆனால் பூக்கிற சமயத்தில் ஈரக் காற்று அடித்தால் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் துரு விழுந்து பாதிக் காய் பொய்த்துப்போகும். தந்தை ரகத்தை எந்த நோயும் அண்டாது. காய் கொத்துக்கொத்தாகப் பிடிக்கும். விதைதான் பொடிசு, பிழிந்தால் எண்ணெய் வராது. இவனுடைய கட்டு உடம்பையும் அவளுடைய எண்ணெயையும் ஒரே செடியில் கொண்டுவந்துவிட்டால் விளைச்சல் ஒன்றரை மடங்காகும் என்பது அவர் கணக்கு. போன பருவத்துக்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் நாங்கள் போட்ட ஒட்டுகள் பழுதில்லாமல் வந்தன. பண்ணையில் எனக்கு ஊசிக்கண்ணு என்று பட்டப்பெயர். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

போன பருவத்து ஒட்டு விதைகளை இந்தப் பருவம் விதைத்து மூன்று வாரம் ஆனபோது டாக்டர் அம்மா எங்களை நாற்று வரிசைக்குக் கூப்பிட்டார். தந்தை ரகத்துக்கு நாற்றிலேயே தண்டு ஊதாவாக இருக்கும். ஒட்டுச் சேர்ந்திருந்தால் பிள்ளைகளுக்கும் அந்த ஊதா வந்தே தீரும். ஊதா இல்லாத நாற்று என்றால் அது வெறும் தாய்ச்செடியின் பிள்ளை, அப்பன் அங்கே வரவேயில்லை என்று அர்த்தம். டாக்டர் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு நாற்று. அறுபத்து மூன்று ஊதா. மிச்சம் நூற்று நாற்பத்தொன்பதும் பச்சைப்பசேல் என்று நின்றன.

அவர் எழுந்து நின்றபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ரெண்டு பேரும் ரூமுக்கு வாங்க" என்றார்.

அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க விதைப் பொட்டலங்கள் அடுக்கிய தட்டுகள். நாங்கள் நின்றோம். இப்படி நடப்பதற்கு இரண்டே இரண்டு வழிகள்தான் என்று டாக்டர் அம்மா சொன்னார். ஒன்று, சாயங்காலம் ஆண் காம்பைச் சரியாகப் பிடுங்காமல் விட்டிருக்க வேண்டும். அல்லது, காலையில் தந்தை வரிசையில் பறிக்க வேண்டிய பூவைப் பக்கத்திலேயே இருக்கிற தாய் வரிசையில் பறித்திருக்க வேண்டும். பூவைப் பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள்தான்.

"ரெண்டுல எது?" என்றார்.

எனக்கு யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. "என் கையில தப்பு நடக்காது டாக்டர் அம்மா. பத்தொன்பது வருஷத்துல நடந்திருக்கா, சொல்லுங்க?" என்றேன்.

"நான் சரியான வரிசையிலதான் பறிச்சேன்" என்றாள் சின்னவள்.

"எப்பப் பாரு பேச்சு. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வரிசை மாறினதுகூடத் தெரிஞ்சிருக்காது" என்று நான் சொன்னேன். இதை அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

டாக்டர் அம்மா சின்னவளிடம் இன்னொரு தடவை கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. ஏதாவது ஒரு நாள், அவசரத்துல?"

"இல்லம்மா. ஒரு நாள்கூட மாறல."

"அப்போ எப்படி?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் விதைத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொல்ல வந்து மென்று விழுங்கினாள். பேசிப் பேசியே நம் உயிரை வாங்குகிறவள் அந்த ஒரு நாள் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்குச் சாட்சி மாதிரி ஆகிவிட்டது. மடியில் கனமில்லாவிட்டால் பேச வேண்டியதுதானே என்று நினைத்தேன். சாயங்காலம் டாக்டர் அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டியலில் அவள் பெயர் இருக்காது என்று சொல்லவே தேவையில்லை.

வீட்டில் சின்னவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திருப்பித் திட்டி ஒரு கை பார்த்திருப்பேன். அவள் எதுவுமே செய்யவில்லை. காலையில் எழுந்தாள், தண்ணீர் பிடித்தாள், என் பங்குச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கட்டி வாசலில் வைத்தாள். நான் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து போன பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொழுந்தன்தான் பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் கேட்டுவிட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டை நகர்த்திவைத்தான்.

"அண்ணி, ஒண்ணு கேட்கலாமா? அவ தப்புப் பண்ணலைன்னு சொல்றா. நீங்களும் பண்ணலைன்னு சொல்றீங்க. அவளைப் போகச் சொல்லியாச்சு. நீங்க பண்ணலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

"டேய், அண்ணிகிட்ட என்ன பேச்சுப் பேசறே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருங்க, நான் பதில் சொல்றேன்" என்றேன். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அத்தாட்சிதானே வேணும்? இருபது மொட்டு எடுக்கறேன். எப்பவும் போல சுத்தம் பண்ணி உறை போடறேன். மறுநாள் தூளே தடவ மாட்டேன். ஆணே இல்லாத பூ காய்க்குமா? அத்தனையும் பொக்குன்னு உதிரும். அதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு காய்ச்சாலும் நான் இந்த வேலையையே விட்டுடறேன். போதுமா?"

சின்னவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "வேண்டாம் அக்கா, எதுக்கு இதெல்லாம்" என்றாள்.

"ஏன், பயமா இருக்கா?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இது ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான், நான் கண்டுபிடித்ததில்லை. செடிகள் பூக்கத் தொடங்கியதும், கடைசி வரிசையில் ஓரமாக நின்ற ஒரு தாய்ச்செடியைத் தேர்ந்தெடுத்தேன். எப்போதும் போல இடுக்கியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். எப்போதும் போல மொட்டைப் பிரித்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் செய்தேன், சத்தியமாக. இருபது மொட்டு. உறை போட்டு, கிளிப் குத்தி, தேதி எழுதிய சீட்டைக் கட்டினேன். டாக்டர் அம்மாவிடம் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இதற்கு நடுவில் இந்தப் பருவத்து ஒட்டு வேலையும் நடந்துகொண்டிருந்தது. சின்னவள் இடத்துக்குப் புதிதாக ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். வாயே திறக்காதவள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் மற்றவர்கள் கை கழுவப் போன பிறகு கடைசி வரிசைக்குப் போனேன். முதல் உறையைக் கழற்றினேன். உள்ளே ஒரு காய்.

விரல் நீளத்துக்குப் பச்சையாக நின்றது. ஒன்றுதானே, ஏதோ கைப்பிசகு என்று அடுத்ததைக் கழற்றினேன். அதிலும் காய். அடுத்தது உதிர்ந்திருந்தது, எனக்கு மூச்சு வந்தது. அதற்கடுத்தது காய். இருபதையும் கழற்றி முடித்தபோது பதிமூன்று காய் இருந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். உள்ளே விதை முட்டு முட்டாக நெருடியது. நான் ஆடிப்போய்விட்டேன்.

அப்போது நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு நகத்தால் ஒவ்வொரு காயாகக் கிள்ளி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பதிமூன்றையும். கிள்ளிய இடத்தைப் பார்த்தால் உதிர்ந்த இடம் மாதிரிதான் இருக்கும். வீட்டில் போய் அத்தனையும் பொக்கு என்று சொல்லிவிட்டால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? கொழுந்தனுக்குக் கடுகுச் செடிக்கும் கீரைச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நான் சுத்தம் செய்து உறை போட்ட மொட்டுகள் முப்பதுக்கு மேல் வரிசையில் நின்றன. விதை அறைக்குப் போய், விதை எண்ணுகிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு உறையைத் திறந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நெட்டை நாலும் சுத்தமாகப் போயிருந்தன. அடியில் பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு குட்டையும் குத்துக்கல் மாதிரி நின்றன. கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வைத்தால் இருந்தது. எடுத்தால் இல்லை. அடுத்த மொட்டும் அப்படியே. அதற்கடுத்ததில் ஒரு குட்டை.

என் கண் போய்விட்டிருந்தது. பேப்பரை எட்டப் பிடித்துப் படிக்கிறேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்தபோதெல்லாம் விளக்கு மங்கல் என்று சண்டை போட்டவள் நான். பத்தொன்பது வருடமாகக் கை தானாகப் போய்வந்ததால், பார்த்துத்தான் பிடுங்குகிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

வீட்டுக்குப் போனபோது சின்னவள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. பஸ்ஸில் வரும்போது நூறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பையில் கைவிட்டுக் காய்களை அள்ளித் துவைக்கிற கல் மேல் வைத்தேன்.

"பதிமூணு" என்றேன்.

அவள் ஈரக் கையால் ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"பதிமூணுதானா? இன்னும் அதிகமா இருக்கும்னு நினைச்சேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருஷமா தெரியும் அக்கா. முதல் வருஷம் காலையில உறையைத் திறந்தா ஒண்ணு ரெண்டு மொட்டுல குட்டை இருக்கும். அடுத்த வருஷம் பாதி மொட்டுல இருந்துச்சு. வெடிக்கறதுக்கு முன்னாடி நானே எடுத்துட்டுத் தூள் தடவிடுவேன். அதுக்குத்தான் பூ சமயத்துல மட்டும் ஆறு மணிக்கே போய்க்கிட்டிருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேன். உங்க முகத்தைப் பார்த்தா வராது. ஊசிக்கண்ணு ஊசிக்கண்ணுன்னு எல்லாரும் கூப்பிடறப்போ உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்னு எனக்குத் தெரியாதா? நான் எடுத்தா ஆச்சு, யாருக்கு நஷ்டம்னு விட்டுட்டேன்."

"போன வருஷம் மட்டும் ஏன் எடுக்கல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

போன பருவத்தின் ஆரம்பத்தில் ஒரு நாள் நானும் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். சின்னவள் என் மொட்டுக்குள் இடுக்கியை விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "என் இடத்துக்கு வர்றதுக்கு இப்பவே ஒத்திகை பார்க்கறியா? பெண் காம்பு ஒடிஞ்சா பிஞ்சு பிடிக்குமா? தூள் தடவறதோட நிறுத்திக்கோ, இல்லேன்னா டாக்டர் அம்மாகிட்டச் சொல்லி அனுப்பிடுவேன்" என்று பண்ணையே கேட்கக் கத்தினேன். இடுக்கியைப் பிடுங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் "சரி அக்கா" என்றாள்.

"இடுக்கி இல்லாம எப்படி எடுக்கறது? முதல் ரெண்டு நாள் நகத்தால முயற்சி பண்ணினேன். பெண் காம்பு நசுங்கிடுச்சு. விட்டுட்டேன்" என்றாள் சின்னவள்.

அப்படியானால் இரண்டு வருடமும் பழுதில்லாமல் வந்த ஒட்டு அவளுடையது. எனக்குக் கிடைத்த பாராட்டும் அவளுடையது. இதெல்லாம் என் மண்டையில் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அன்னைக்கு டாக்டர் அம்மா ரூம்ல இதைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களா? பத்தொன்பது வருஷம் நீங்க. மூணு வருஷம் நான். நீங்க எனக்காகப் பொய் சொல்லணும்னு நான் நினைக்கல. 'எதுக்கும் ஒரு தடவை பார்க்கலாம்'னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு நின்னேன். அவ்வளவுதான். 'அவ சொன்னா சொன்னதுதான், பொய் சொல்ற ஆளில்லை'ன்னு சொல்வீங்கன்னு." துணியை எடுத்து முறுக்கினாள். தண்ணீர் என் காலில் தெறித்தது. "ஒரே வீட்ல எட்டு வருஷம் இருக்கோம். நான் என்னைக்காவது உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கேனா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி. எட்டு வருடத்தையும் துழாவிப் பார்த்தேன். ஒன்றுகூட அகப்படவில்லை. அசடு, சோம்பேறி, ஓட்டைவாய் என்று மனத்துக்குள் அவளுக்கு எத்தனையோ பெயர் வைத்திருக்கிறேன். பொய்க்காரி என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த அறையில் மட்டும் நினைத்தேன், எனக்கு வசதியாக இருந்தபோது.

மறுநாள் காலையில் பதிமூன்று காய்களையும் டாக்டர் அம்மாவின் மேசையில் வைத்தேன். பூதக்கண்ணாடியையும் வைத்தேன். நடந்தது அத்தனையையும் சொன்னேன், காய்களைக் கிள்ளி மறைக்கப் பார்த்ததையும் சேர்த்து. இந்தப் பருவத்தில் இதுவரை போட்ட ஒட்டும் வீண்தான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். பத்துப் பன்னிரண்டு மொட்டுகளைத் திறந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அப்போ ரெண்டு வருஷமா இந்தப் பண்ணையில ஒட்டுப் போட்டது யாரு?" என்று கேட்டார்.

"சின்னவதான்."

"அந்தப் பொண்ணையா நான் அனுப்பினேன்?"

அனுப்பியது நான்தான் என்று அவருக்கும் தெரியும்.

"இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. இன்னிக்கே அவளை வரச் சொல்றேன். பூ இன்னும் ரெண்டு வாரம் இருக்கும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒட்டைத் திரும்பப் போடலாம்" என்றார்.

"பட்டியல்?" என்றேன்.

"போன திங்கக்கிழமையே அனுப்பியாச்சு. இனிமே சேர்க்க முடியாது. தற்காலிகமாத்தான் எடுக்க முடியும். அடுத்த பட்டியல் எப்போ வரும்னு எனக்கே தெரியாது."

போன திங்கட்கிழமை. அன்றைக்கு என்னுடைய இருபது உறைகளும் செடியில் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே காய் விரல் பாதி நீளமாவது வந்திருக்கும். தைரியமாக அன்றைக்கே ஒன்றைத் திறந்திருக்கலாம். கொழுந்தன் கேட்ட அன்றைக்கே பூதக்கண்ணாடியை எடுத்திருக்கலாம். அந்த அறையில் நின்றபோதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயல் நடுவில் நின்று நான் அழுதேன். டாக்டர் அம்மா பார்க்காதது மாதிரி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

சின்னவள் திரும்பி வந்தாள். வர மாட்டாள் என்று நினைத்தேன், ஆனால் மகளுடைய பள்ளிக்கூடம் இருக்கிறதே. சாயங்கால வேலையை அவளிடம் கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் நானூறு மொட்டுகளுக்கு மேல் முடித்தாள். டாக்டர் அம்மா தினமும் பத்து மொட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றில்கூடக் குட்டை இல்லை. வேலையை விடுவேன் என்று நான் போட்ட சபதத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை, என்னை விதை அறைக்கு மாற்றினார்கள். பொட்டலம் கட்டுவது, எடை போடுவது, சீட்டு ஒட்டுவது. மூக்குக் கண்ணாடியும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். போட்ட முதல் நாள் என் கைகளைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றி இருந்த கறையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

வீட்டிலும் வெளியிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. என் டப்பா வாசலில் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்காருவாள். நான் மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் "பரவாயில்ல, விடுங்க" என்றாள். கொழுந்தன்கூட ஒரு வாரத்தில் பழையபடி அண்ணி அண்ணி என்று பேச ஆரம்பித்துவிட்டான். எல்லாம் சரியாகப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி மட்டும் இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை.

அறுவடை ஆரம்பித்த வாரம் ஒரு நாள் அவள் விதை அறைக்கு வந்தாள். கை நிறைய ஒட்டு விதை உறைகள். மேசை மேல் அடுக்கிவைத்தாள்.

"இதெல்லாம் எடை போட்டுக் குடுங்க" என்றாள்.

நான் தராசைச் சரிசெய்தபடி அவள் மேலே சொல்வதற்காகக் காத்திருந்தேன். பழக்கத்தில் காத்திருந்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் சொல்லி முடித்துவிட்டாள். அந்தப் பதிமூன்று காயைக் கல் மேல் வைத்த நாளுக்குப் பிறகு அவள் என்னை ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை. மரியாதைக்குக் குறைவில்லை, வாங்க, போங்க, குடுங்க எல்லாம் இருக்கிறது. எட்டு வருடமாக ஒவ்வொரு பேச்சோடும் சேர்ந்து வந்த அந்த ஒரு வார்த்தை மட்டும் நின்றுபோயிருக்கிறது.

"எப்போ வந்து வாங்கிக்கட்டும்?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் வா" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.